ஆள் இருக்கும் வீடு

"அக்கா, பாண்டான் இலை போட்டா சோறு வடிக்கிறீங்க? வாசம் கார் வரைக்கும் வருதே!"

என் வாசலில் சேற்றுச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே இந்துஜா கேட்டாள். பிற்பகல் மூன்று மணி. அன்று நான் சோறே ஆக்கவில்லை. காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும், மத்தியானம் மிஞ்சிய ரொட்டி. பாண்டான் செடியும் எங்கள் லயத்தில் யார் வீட்டிலும் கிடையாது. சொல்லப்போனால் யார் வீட்டிலும் ஆளே கிடையாது. எட்டு வீடு ஒட்டிக் கட்டிய லயத்தில் ஏழு வீடு காலி.

"மூசாங்கா இருக்கும்லா," என்றேன்.

மூசாங் என்கிற மரநாய் ஒண்ணுக்கடித்த இடத்தில் பாண்டான் வாசம் வரும் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்துஜாவும் சரியென்று தலையாட்டினாள். நான் தே கலக்க உள்ளே போனேன். வாசம் என் பின்னாலேயே அடுப்படி வரைக்கும் வந்தது.

என் பெயர் தனலெட்சுமி. வயது நாற்பத்தாறு. புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில், ஒன்றாம் நம்பர் வீட்டில் பிறந்தவள். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். நீளம்தான். எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைக்கு உரம் போட்டும் உதிரிப்பழம் பொறுக்கியும் இருபது வருஷம் போனது. தோட்டம் கைமாறியதும் புதுக் கம்பெனி எல்லாரையும் அடுக்குமாடிக்குப் போகச் சொன்னது. எல்லாரும் போனார்கள். நான் போகவில்லை.

காரணம் என் தம்பி புனிதன்.

புனிதனுக்குப் புத்தி கொஞ்சம் மெதுவு. பத்து வரை எண்ணுவான், பதினொன்று வந்தால் சிரிப்பான். நாலு தீபாவளிக்கு முன்னால் ஒரு சாயங்காலம், சதுப்பில் பாக்குக் கீரை என்கிற பெரணிக் கொழுந்து பறித்து வருகிறேன் என்று வாளியோடு போனான். வாளி கிடைத்தது. கீரையும் வாளி நிறைய இருந்தது. அவன் வரவில்லை. போலீஸ் தேடியது, பிறகு விட்டுவிட்டது. சொந்தக்காரர்கள் காரியம் பண்ணிவிடச் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்குக் காரியம்? அவனுக்கு இந்த உலகத்தில் தெரிந்த ஒரே வாசல் இந்த வாசல். அவன் திரும்பி வரும்போது இங்கே ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாதக் கடைசித் திங்கட்கிழமை லயத்தை இடிப்போம் என்று கம்பெனி கடுதாசி கொடுத்தது. அதை மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தேன்.

இந்துஜா பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். வீடு தெமியாங்கில். சிலோன் தமிழ்க் குடும்பம். தாத்தா, அப்பா எல்லாம் சட்டை கசங்காமல் எழுத்து வேலை பார்த்தவர்கள், இவள் ஒருத்திதான் சேறு மிதிக்க வந்தாள். தோட்டத்துக்கும் மலைக்கும் நடுவில் மிஞ்சியிருக்கிற காட்டுத் துண்டில் இறைச்சி தின்னும் மிருகம் என்னென்ன இருக்கிறது, ஒன்றோடு ஒன்று எப்படிச் சமாளிக்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. மரத்தில் கட்டிய கேமராக்களை வாரம் ஒருமுறை பார்த்து, கார்டு மாற்றித் தருவது என் வேலை.

"அதுங்க நேருக்கு நேர் சண்டை போடாது அக்கா," என்று ஒருமுறை விளக்கினாள். "அடிபட்டா வேட்டையாட முடியாதே. அதனால மரத்துல, கல்லுல வாசம் வெச்சுட்டுப் போகும். அடுத்தது வந்து மோந்து பார்க்கும். யாரு, எவ்வளவு பெருசு, எப்ப வந்துச்சு, எல்லாம் அதுலயே இருக்கும்."

"அப்ப லயத்துத் துணிக்கொடி மாதிரின்னு சொல்லு," என்றேன். ஒருத்தி கொடியில் ஈரப் பாவாடை தொங்கினால் இன்னொருத்தி அதைத் தொடமாட்டாள். தொட்டால் அன்றைக்கு எட்டு வீட்டிலும் சோறு தீயும்.

தேயைக் குடித்துவிட்டு இந்துஜா கிளம்பிய பிறகுதான் அதைப் பார்த்தேன். வாசலின் வலது நிலைக்காலில், என் நெஞ்சு உயரத்தில், ஈரமாக ஒரு கோடு வழிந்திருந்தது. விரலால் தொட்டேன். பிசுபிசுத்தது. முகர்ந்தேன்.

புது அரிசியில் பாண்டான் போட்டு, இப்போதுதான் வடித்த சோறு.

பசி எடுக்கவில்லை.

மரநாய் என் கணுக்கால் உயரம். நெஞ்சு உயரத்தில் அது எப்படி ஒண்ணுக்கடிக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலை போட்டு, தேங்காய் நாரால் நிலைக்கால் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை தேய்த்துக் கழுவினேன். அசுத்தம் பட்டால் கழுவுவதுதானே நமக்குத் தெரிந்தது? பொட்டு வைத்து, சாம்பிராணி போட்டேன். வாசல் பளிச்சென்று இருந்தது.

புதன்கிழமை மறுபடியும் வாசம் வந்தது. கோடு ஒரு சாண் மேலே ஏறியிருந்தது.

வெள்ளிக்கிழமை கழுவினேன். அடுத்த புதன் என் தலை உயரத்தில்.

எனக்குக் கோபம் வந்தது. இது கம்பெனிக்காரன் வேலை என்று முடிவு கட்டினேன். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி ரவிச்சந்திரன் வாரம் ஒருமுறை மோட்டாரில் வந்து, அக்கா எப்ப காலி பண்றீங்க என்று கேட்டுவிட்டுப் போவான். பக்கத்துச் சுவாவில் வீடு வாங்கிக் குடியேறிவிட்டவன். ஒரு காலத்தில் ஆறாம் நம்பர் வீட்டில் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றவன்தான். அன்று அவன் வந்து இறங்கியதும் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, கேக்குக்கு ஊத்துற பாண்டான் எசன்ஸை ஊத்திப் பேய் காட்டுறியா? பேய்க்குப் பயந்தவளாடா நான்?"

"ஐயோ, நான் ஏங்க்கா ஊத்தப் போறேன்? கம்பெனி லெட்டர் குடுக்கும், எசன்ஸா குடுக்கும்?"

சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் வந்தவன் பத்தடி தள்ளி நின்றுவிட்டான். மூக்கை உயர்த்தினான். கண் மெதுவாக நிலைக்காலின் உச்சிக்குப் போனது. அவன் முகத்தில் இருந்த கிராணி காணாமல் போய், ஆறாம் நம்பர் வீட்டுப் பையன் திரும்பி வந்தான்.

"அக்கா," என்றான் ரகசியம் போல. "புலி ஒண்ணுக்கடிச்சாலும் இந்த வாசம்தான் வரும்னு பெருசுங்க சொல்லுவாங்க. ஆபீஸ் ஸ்டோர்ல பழைய போட்டோ ஒண்ணு கெடக்கு. வெள்ளக்காரத் துரை காலத்துப் போட்டோ. புலியச் சுட்டுட்டு நிக்கிறாங்க. அத எங்க கட்டித் தொங்கவிட்டுத் தோல் உரிச்சாங்க தெரியுமா?"

"எங்க?"

அவன் கையை நீட்டவில்லை. கண்ணால்தான் காட்டினான். என் வீட்டு நிலை.

மோட்டாரை எடுத்தான். திங்கட்கிழமை மெஷின் வரும் என்று சொல்லத்தான் வந்தேன் என்பதை ஓட்டிக்கொண்டே கத்திவிட்டுப் போனான்.

மறுநாள் இந்துஜாவைக் கூப்பிட்டு, வாசலைப் பார்த்த மாதிரி ஒரு கேமரா கட்டச் சொன்னேன். கட்டினாள். வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கழுவினேன். சனிக்கிழமை பகலில் அவள் வந்து கார்டை எடுத்துக் கணினியில் போட்டாள். என் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் ஒரு காட்டுப்பூனை வந்தது, உடம்பெல்லாம் புள்ளி. நேற்றுச் சாயங்காலம் நாலு மணி, நான் சதுப்புப் பக்கம் விறகுக்குப் போயிருந்த நேரம். நிலைக்காலிடம் வந்து முகர்ந்தது. அண்ணாந்து மேலே பார்த்தது. முதுகு மயிர் நட்டுக்கொண்டது. வயிறு தரையில் உரச, திரும்பாமலே பின்வாங்கிப் போனது. அடுத்து மரநாய். அதுவும் அண்ணாந்து, அதே இடத்தைப் பார்த்தது. அதுவும் பின்வாங்கியது. அப்புறம் தோட்டத்து நாய் மூன்று. குரைக்காத நாயை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மேல ஒண்ணுமே இல்லையே," என்றேன். "நான்தான் கழுவிட்டேனே."

இந்துஜா அடுத்ததைத் தட்டினாள். சனிக்கிழமை காலை, நல்ல மழை. நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன்.

வாசல் சிமெண்டில் துளி தெறித்தது. வாளியில் தெறித்தது. என் சப்பாத்தில் தெறித்தது.

நிலைக்காலுக்கு முன்னால், என் தோள் உயரத்தில், ஒன்றுமே இல்லாத காற்றில் மழை தெறித்தது.

நீளமாக. வளைவாக. ஒரு முதுகின் அளவுக்கு.

அது நின்றது. நின்று, மெல்லத் திரும்பியது. நிலையின் மேல்சட்டத்துக்கும் மேலே, சுவரில், ஈரக்கோடு ஒன்று தானாக வழிந்து இறங்கியது. அப்புறம் மழை மறுபடி தரையிலேயே தெறித்தது.

இருவரும் வெளியே போய்ப் பார்த்தோம். கோடு இருந்தது. உயிருள்ள எந்த மிருகம் ஒண்ணுக்கடித்தாலும் எட்டாத உயரம். வாசம் சுடச்சுட இருந்தது.

"அக்கா, உடுப்பை எடுங்க. எங்க வீட்டுக்குப் போவோம்," என்றாள் இந்துஜா. "அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க. ப்ளீஸ்."

"மஞ்சளைக் கொஞ்சம் கூடப் போட்டு, ஏணி வெச்சுக் கழுவிட்டா..."

"கழுவாதீங்க அக்கா!" என்று கத்தினாள். அந்தப் பெண் கத்தி நான் கேட்டதில்லை. "உங்களுக்குப் புரியலையா? அதுங்க பாஷையில கழுவுன இடத்துக்கு ஆள் இல்லைன்னு அர்த்தம். வாசம் மங்கிப்போனா இடம் காலி. அது வந்து யாரு இருக்கீங்கன்னு கேக்குது. நீங்க ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் யாரும் இல்ல, யாரும் இல்லன்னு பதில் சொல்லிட்டு இருக்கீங்க. அதான் ஏறி ஏறி வருது."

நான் நிலைக்காலைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. புலியைப் பற்றி அல்ல.

புனிதனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கே போய் வந்தாலும், உள்ளே நுழையுமுன் வலது தோளை இந்த நிலைக்காலில் ஒரு தேய் தேய்ப்பான். அம்மா இருந்த காலத்தில் எத்தனை திட்டினாலும் விடவில்லை. உடம்பெல்லாம் கோடாலித் தைலம் பூசிக்கொள்கிறவன். முப்பது வருஷத் தேய்ப்பில் அந்த இடத்து மரம் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுப்பாகப் பளபளக்கும். அவன் போன பிறகும் பளபளத்தது. மழை நாளில் மூக்கை வைத்தால் தைலம் மணக்கும்.

இப்போது அங்கே தேங்காய் நாரால் தேய்த்த வெள்ளை மரம்தான் இருந்தது.

நானே அழித்திருந்தேன். தம்பி வந்தால் ஆள் இருக்க வேண்டும் என்று கம்பெனியோடு மல்லுக்கு நின்றவள், அவன் அடையாளத்தை மஞ்சள் தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றியிருந்தேன். அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதேன். நாலு வருஷத்தில் அழாத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. இந்துஜா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நீ வீட்டுக்குப் போம்மா," என்று கடைசியில் சொன்னேன். "நான் வரல."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மழை கட்டியது. செம்பனைக்குள் நாலு மணிக்கே விளக்கு வைக்கிற மாதிரி இருட்டு. தவளைச் சத்தம் திடீரென்று நின்றது. பூச்சிச் சத்தமும் நின்றது. பழுத்த மட்டை ஒன்று முறிந்து, விழாமல் தொங்கியது.

அப்புறம் வாசம் வந்தது.

புதுச் சோறு. பாண்டான். அதற்கு அடியில், இதுவரை நான் கவனிக்காத இன்னொன்று. பழைய ரத்தம்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்தேன். அதில் புனிதனின் சட்டை இருந்தது, துவைக்காதது. வருஷத்துக்கு ஒருமுறை, அவன் பிறந்தநாளுக்கு மட்டும், மூடியை விரல் அளவு திறந்து முகர்ந்துவிட்டு உடனே மூடிவிடுவேன். திறந்தால் குறையும் என்ற பயம். எனக்கு மிச்சம் இருந்த தம்பி அவ்வளவுதான்.

மூடியை முழுக்கத் திறந்தேன். சட்டையை என் வேர்வைத் துண்டோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு, ஏணியை வெளியே இழுத்து நிலைமேல் சாய்த்தேன்.

ஏணி பழசு. இரண்டாம் படியிலேயே ஆடியது.

மூன்றாம் படி.

நாலாம் படியில் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. மாட்டு மூச்சைவிடக் கனமானது. என் கெண்டைக்காலில் சூடாகப் பட்டது.

நான் திரும்பவில்லை. பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வாய் அடங்கவில்லை.

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டுனாளாம்," என்றேன் சுவரைப் பார்த்தபடி. சொன்ன பிறகுதான், இங்கே ஒண்ட வந்தது யார் என்று தோன்றியது. என் பாட்டன் கோடாலியோடு வருமுன் இது யார் வீடு? குரலை இறக்கினேன். "சரி. நீதான் மொத ஆளு. ஒன்ன இதே நிலையில கட்டித் தொங்கவிட்டானுங்க. அது தப்புதான். அதே இடத்துலருந்துதான் என்னையும் இப்ப கம்பெனிக்காரனுங்க தூக்கி வெளிய போடப் பாக்குறானுங்க. நீ போன மாதிரி நான் போகமாட்டேன். இந்த வீட்டுல ஆள் இருக்கு. ரெண்டு பேர். மோந்து பாத்துக்க."

அந்த ஈரக்கோட்டின் மேலேயே, அதைத் துடைக்காமல், புனிதனின் சட்டையை வைத்து அழுத்தித் தேய்த்தேன். என் துண்டைத் தேய்த்தேன். எட்டவில்லை. கடைசிப் படியில் நுனிக்காலில் எக்கினேன். ஏணி வழுக்கியது.

வழுக்கி, நின்றது.

கீழே ஏதோ ஒன்று ஏணியில் சாய்ந்துகொண்டது. பாறை மேல் நிற்பது போல இருந்தது எனக்கு. கோட்டுக்கும் மேலே ஒரு சாண் உயரத்தில் தேய்த்து முடித்தேன். படி படியாக இறங்கி, நிலைக்காலின் இரண்டு பக்கமும் தேய்த்தேன். கண்ணைத் தாழ்த்தியே வைத்திருந்தேன். ஏணியின் கால் பக்கத்தில் சேறு மெல்லக் குழிந்து, மெல்ல நிரம்பியது. ஒன்று. இன்னொன்று. சதுப்புப் பக்கமாக அது போனது.

தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மண்வாரி இயந்திரமும் ஒரு லாரியும் வந்தன. ரவிச்சந்திரனும் கம்பெனி ஆட்கள் நாலு பேரும் வந்தார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து தே குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை.

முன்னால் வந்தவன் பெரிய உடம்புக்காரன். பத்தடி தள்ளி நின்றான். மூக்கை உயர்த்தினான். அண்ணாந்து, நிலைக்கு மேலே, அந்த இடத்தைப் பார்த்தான். இரண்டாவது ஆளும் நின்று, அண்ணாந்து பார்த்தான். மூன்றாவது ஆளும் அப்படியே. இயந்திரத்தின் மேலே இருந்தவன் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, அவனும் அண்ணாந்து பார்த்தான். அப்புறம் ஐந்து பேரும் எனக்கு முதுகைக் காட்டாமல், அடி அடியாகப் பின்வாங்கினார்கள்.

"பசியாறிட்டுப் போங்களேன்லா!" என்று கத்தினேன். ரவிச்சந்திரன் மோட்டாரை மறந்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டான்.

இடிப்பதை ஒத்திவைத்திருப்பதாக இன்னொரு கடுதாசி வந்தது. மேசையின் இன்னொரு கால் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது, அதற்கு ஆயிற்று.

புதன்கிழமைதோறும் அது வருகிறது. என் அடையாளத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டுத் தன்னுடையதை வைத்துவிட்டுப் போகிறது, ஏறுவதில்லை. நானும் வெள்ளிக்கிழமைதோறும் ஏணி போட்டு என்னுடையதைப் புதுப்பிக்கிறேன். ஆனால் சட்டையில் வாசம் தீர்ந்துவிட்டது. போன வாரம் முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்தேன். வெறும் துணி. மனசு விட்டுப்போனது. இனி ஒருத்தி வாசம்தான் இந்த வாசலில் என்று நினைத்துக்கொண்டு விறகுக்குப் போனேன்.

நேற்றுச் சாயங்காலம் திரும்பி வந்தபோது வாசலில் வாளி ஒன்று இருந்தது. என்னுடையதுதான். ஆனால் நிறையப் பாக்குக் கீரை இருந்தது, ஈரம் சொட்ட, இப்போதுதான் பறித்தது. பக்கத்துச் சேற்றில் பெரிய பெரிய குழிகள், நடுவில் ஒரு மனிதனின் வெறுங்கால் தடம். இரண்டும் சதுப்பிலிருந்து சேர்ந்தே வந்திருந்தன.

வலது நிலைக்காலில், நான் தேய்த்து வெள்ளையாக்கிய இடத்தில், ஒரு தோள் உயரத்தில், மரம் எண்ணெய்ப் பிசுக்காகப் பளபளத்தது. மூக்கை வைத்தேன்.

கோடாலித் தைலம்.

இன்று வெள்ளிக்கிழமை. மஞ்சளும் நாரும் அடுப்படியில் இருக்கின்றன. நான் எதையும் கழுவவில்லை.